நாட்டுக்கு மேடு, எங்களுக்குப் பள்ளம்

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அதற்குப் பிறகு என்னென்ன கட்டினேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சொல்லாமல் விட்டால் வேறு யாராவது எடுத்துத் தன் பேரில் போட்டுக்கொள்வார்கள். அந்த அனுபவம் எனக்கு நிறைய உண்டு.

கட்டுமாவடிக்கும் கோட்டைப்பட்டினத்துக்கும் நடுவில், கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து கடல் பக்கம் இறங்குகிற உவர் மண்ணில் முதல் ஐஸ் கம்பெனி கட்டியவன் நான். இந்த மண்ணில் அஸ்திவாரம் நிற்காது என்று மூன்று கொத்தனார்கள் கையை விரித்தார்கள். நாலாவது ஆளை வைத்துக் கட்டினேன். இன்றைக்கு வரைக்கும் சுவரில் ஒரு கீறல் கிடையாது. உப்புக்காற்றில் கம்பி அரித்துப் போகும், அந்தப் பக்கம் லைன் இழுக்க முடியாது என்று கரண்ட் ஆபீசில் சொன்னார்கள். வெயிலிலும் மழையிலும் நடையாய் நடந்து, கண்மாய்க்கரை ஓரமாகப் பதினேழு கம்பம் நட வைத்தேன். அந்தப் பதினேழு கம்பத்தில் வந்த கரண்டில்தான் பிறகு எங்கள் ஊர்த் தெருவிளக்கு எரிந்தது. கடலுக்கு இத்தனை பக்கத்தில் நல்ல தண்ணீர் வராது என்றார்கள். இரண்டு கிணறு தோற்று, மூன்றாவது கிணற்றில் நல்ல தண்ணீர் கண்டேன். பெரிய புயல் வந்து ஆஸ்பெஸ்டாஸ் கூரையைக் கொண்டுபோய்ப் பக்கத்து ஊர்த் தோப்பில் போட்ட வருஷம், கரண்ட் வருகிற வரைக்கும் வாடகை ஜெனரேட்டரில் கம்பெனியை ஓட்டினேன். ஒரு நாள்கூட நிறுத்தவில்லை.

இதற்கெல்லாம் முன்னால், அறந்தாங்கியிலிருந்து மரத்தூளில் பொதிந்த ஐஸ் பாரைச் சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு கடற்கரைக்கு மிதித்தவன் நான். புறப்படும்போது முழு பார். வந்து சேரும்போது பாதி. மிச்சப் பாதி என் முதுகில் ஒழுகி, வேட்டியில் ஒழுகி, ரோட்டில் ஒழுகிக் காய்ந்துவிடும். ஐஸைக் கடற்கரையிலேயே செய்தால் என்ன என்ற எண்ணம் அந்த ஈர வேட்டியோடு வந்ததுதான்.

இன்னொன்றும் செய்தேன். ஒரு பலகை. அதை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. நான் எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

ஒரு நாளில் பாதி நேரம் கரண்ட் இல்லாமல் தமிழ்நாடே தவித்த வருஷங்கள் உங்களுக்கு நினைவிருக்கும். ஐஸ் பார் உறைய ஏறக்குறைய ஒரு நாள் ஆகும். நடுவில் கரண்ட் போனால் பாதி உறைந்ததும் வீண். எப்போது வெட்டுவார்கள் என்று யாரைக் கேட்டாலும் மேலே கை காட்டினார்கள். மேலே என்றால் எங்கே? நாடு முழுக்க மாதா மாதம் எவ்வளவு கரண்ட் உற்பத்தியாகிறது என்று அரசாங்கமே வெளியிடுகிறது என்று என் மகள் சொன்னாள். அவள் எம்.எஸ்சி. படித்தவள். படிக்க வைத்தவன் நான்.

"ஆத்தா, மாசாமாசம் அதை எனக்குப் படிச்சுச் சொல்லு" என்றேன்.

அவள் போனைப் பார்த்து பில்லியன், யூனிட் என்று ஏதோ சொல்வாள். அந்த எண் எனக்குப் பிடிபடவில்லை. "போன மாசத்துக்கு ஏறிருக்கா, எறங்கிருக்கா? எத்தனை விரல்கடை?" என்று கேட்பேன். அவளும் சிரித்துக்கொண்டே ஒரு அளவு வைத்துக்கொண்டு சொல்வாள். உடைந்துபோன வள்ளத்தின் நீளப் பலகை ஒன்று கம்பெனியில் கிடந்தது. அதை ஆபீஸ் அறைச் சுவரில் சாத்தி, மாதத்துக்கு ஒரு ஆணி அடித்தேன். அவள் ஒரு விரல்கடை என்றால் ஒரு விரல்கடை மேலே. அரை என்றால் அரை. ஆணிக்கு ஆணி கருப்புத் தூண்டில் நரம்பை இழுத்துக் கட்டினேன். பழைய கணக்கையும் அவளைத் தேடிச் சொல்ல வைத்துப் பின்னாலிருந்தே அடித்துக்கொண்டு வந்தேன். ஒரு பலகை போதவில்லை. இரண்டாவது பலகையைப் பக்கத்தில் ஒட்டினேன்.

கம்பெனிக்கு வருகிறவர்கள் சிரிப்பார்கள். "என்ன பெரியவரே, வலை காயப் போட்டிருக்கீங்களா?" என்று படகுக்காரர் ஒருவர் கேட்டார். விசைப்படகு இரண்டு வைத்திருக்கிறவர், வாய் நீளம். 

"நாடு காயுதுப்பா இதுல" என்றேன்.

சும்மா சொல்லவில்லை. அந்த நரம்பைத் தினமும் பார்த்தவன் நான். ஒவ்வொரு வருஷமும் ஒரே நடைதான். மாசியில் கிளம்பும். சித்திரை வைகாசியில் உச்சிக்குப் போகும்; ஊர் உலகமெல்லாம் ஃபேனும் ஏசியும் போடுகிற காலம். பிறகு வடக்கே மழை இறங்கியதும் கொஞ்சம் தாழும், புரட்டாசி வாக்கில் மறுபடி ஒரு திமில். கார்த்திகை மார்கழியில் பள்ளம். ஊரடங்கில் நாடே வீட்டுக்குள் கிடந்தபோது மட்டும் உச்சி இருக்க வேண்டிய சித்திரையில் ஆணி தடாலென்று கீழே போயிருக்கிறது. அந்த ஒரு இடத்தில் நரம்பு கிழிந்த வலை மாதிரித் தொங்கும். அதை விட்டால் எல்லா வருஷமும் இதே ஏற்ற இறக்கம். ஆனால் இறங்குகிற இறக்கம் பழைய இடத்துக்குப் போகாது. முதல் பலகையில் எது மேடோ, இரண்டாம் பலகையில் பள்ளம்கூட அதற்கு மேலேதான் நிற்கும். உடம்பில் காய்ச்சல் இறங்கிவிட்டது என்கிறோம், தொட்டுப் பார்த்தால் போன வருஷம் காய்ச்சல் அடித்தபோது இருந்ததை விடச் சூடாக இருந்தால் எப்படி இருக்கும்? அப்படித்தான் எனக்கு அந்த நரம்பைப் பார்த்தால் இருந்தது. 

எல்லோரும் அதை நல்ல சேதி என்றார்கள். முக்கியமாக என் மாப்பிள்ளை.

என் மகளைக் கட்டியவர் பன்னிரண்டு வருஷம் கத்தாரில் இருந்துவிட்டு வந்தவர். அந்தப் பன்னிரண்டு வருஷத்தில் என் பேரப்பிள்ளைகளை அவர் பார்த்த நாட்களைச் சேர்த்தால் ஒரு வருஷம் தேறாது. இனிப் போவதில்லை என்று முடிவெடுத்து, சேர்த்த எல்லாவற்றையும் போட்டு, எங்கள் ஊருக்குத் தெற்கே இரண்டு இறால் குளம் வெட்டினார். முதல் வளர்ப்பு நோயில் போயிற்று. இரண்டாவது வளர்ப்பு நன்றாக வந்துகொண்டிருந்தது. ஆனி பிறந்ததும் பிடிக்க வேண்டும். இதை எடுத்துவிட்டால் இங்கேயே இருப்பார். இதுவும் போனால் மறுபடி விமானம் ஏற வேண்டியதுதான். என் மகள் இதை என்னிடம் ஒரே ஒரு தடவைதான் சொன்னாள். அதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை.

இறால் குளத்துக்கு உயிர் கரண்ட். குளத்தில் சக்கரம் மாதிரி ஏரேட்டர் ஓடித் தண்ணீரை அடித்துக்கொண்டே இருக்க வேண்டும். நெருக்கமாக விட்ட இறால் மூச்சு வாங்குவது அந்தச் சக்கரத்தால்தான். மேகம் மூடி, காற்றும் நின்றுபோன நாளில் சக்கரம் இரண்டு மணி நேரம் நின்றால் குளம் முடிந்தது. அதற்காக ஒரு ஜெனரேட்டர் வாங்கி வைத்திருந்தார். 

மாப்பிள்ளை என் ஆணிப் பலகையைப் பார்த்து, "பாத்தீங்களா மாமா, நாட்டுல உற்பத்தி எப்புடி ஏறிக்கிட்டே போகுது! போன மாசம் இதுவரைக்கும் இல்லாத உச்சமாம், நியூஸ்ல போட்டுட்டான். கரண்ட் இல்லாத காலமெல்லாம் போச்சு" என்பார்.

"அது நாட்டோட குளம், மாப்ள. நமக்கு வர்றது ஒரு வாய்க்கா. குளம் நெறைஞ்சா வாய்க்கா அகலமாயிருமா?"

"நீங்க எல்லாத்தையும் பயந்தே பாக்குறீங்க மாமா."

பயந்தவன் உவர் மண்ணில் ஐஸ் கம்பெனி கட்டுவானா? நான் பயப்படவில்லை. நான் பார்த்தது வேறு. கருப்பு நரம்புக்குக் கீழே எங்கள் கம்பெனி மீட்டர் ஓடியதையும் மாதத்துக்கு ஒரு ஆணியாக அடித்து, சிவப்பு நூல் கட்டியிருந்தேன். மேலே நரம்பு உச்சிக்குப் போகிற அதே சித்திரை வைகாசியில் கீழே என் சிவப்பு நூல் தரையில் கிடந்தது, வருஷா வருஷம். காரணம், மீன்பிடித் தடைக்காலம். சித்திரை தொடக்கத்திலிருந்து இரண்டு மாதம் விசைப்படகு எதுவும் கடலுக்குப் போகக்கூடாது. படகு போகாவிட்டால் ஐஸ் எதற்கு? எங்கள் கடற்கரையில் இருக்கும் ஐந்து கம்பெனியையும் மூடிவிடுவோம். நாட்டுப்படகுக்காரர்களுக்கு வேண்டிய கொஞ்ச ஐஸ் வெளியூரிலிருந்து வண்டியில் வந்துவிடும். 

நாட்டுக்கு மேடாக இருக்கிற மாதத்தில் எங்களுக்குப் பள்ளம். அதனால்தான் எங்கள் துணை மின் நிலையத்துப் பெரிய டிரான்ஸ்ஃபார்மர் அத்தனை வருஷம் பிழைத்துக் கிடந்தது. வீடுகள் இழுக்கிற காலத்தில் நாங்கள் இழுக்கவில்லை. நாங்கள் இழுக்கிற காலத்தில் வீடுகள் அவ்வளவாக இழுக்கவில்லை. 

ஆனால் தடைக்காலம் முடிவதற்கு ஒரு வாரம் முன்னாலேயே கம்பெனிகளை ஓட விட வேண்டும். ஐஸ் அச்சுகளை இறக்கி உறைய வைக்கிற உப்புத் தண்ணீர்த் தொட்டி குளிர நாலைந்து நாள் பிடிக்கும். தடை முடிகிற அன்றைக்குப் படகு ஐஸ் ஏற்றிக்கொண்டுதான் கிளம்பும். அந்த ஒரு வாரத்தில் வெயிலும் இறங்கியிருக்காது. அந்த வாரத்தில் மட்டும் மேடும் மேடும் மோதும். முன்னே இந்தப் பக்கம் ஏசி என்று சொல்ல நாலு வீடுகூடக் கிடையாது. இப்போது கத்தார், துபாய், சவுதி என்று போனவர்கள் கட்டின வீடு ஒவ்வொன்றிலும் மூன்று தொங்குகிறது. இறால் குளம் தெற்கே வரிசையாக வந்துவிட்டது. மாப்பிள்ளையின் இரண்டாவது வளர்ப்பு நடந்த வருஷம் வைகாசியில் என் பலகையில் கருப்பு ஆணியைப் பலகை விளிம்பு தாண்டிச் சுவரில் அடிக்க வேண்டியிருந்தது. சுவரில் ஆணி இறங்கவில்லை, வளைந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

மே மாதம் நடுவில் கரண்ட் ஆபீசிலிருந்து ஒரு இன்ஜினியர் வந்தார். சின்ன வயசு, நல்ல மரியாதைக்காரர். டிரான்ஸ்ஃபார்மர் எவ்வளவு சுமை தாங்குகிறது என்று அளந்துகொண்டு போக வந்தவர். உச்சக் கோடையில் அளந்தாயிற்று, தாங்குகிறது, புதிதாக எதுவும் வேண்டாம் என்று எழுதப்போவதாகச் சொன்னார்.

"சார், இப்ப அளந்தா சரியா வராதுங்க" என்றேன்.

"ஏங்க பெரியவரே? இதைவிட வெயில் எப்பங்க அடிக்கப் போகுது?"

"வெயில் அடிக்குது சார். எங்க கம்பெனி ஓடலையே. அஞ்சு கம்பெனியிலயும் சேர்த்துப் பதினோரு கம்ப்ரஸர் தூங்குது. ஜூன் ரெண்டாவது வாரம் வந்து அளங்க."

கைப்பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போய்ப் பலகையைக் காட்டினேன். கருப்பு நரம்பு ஏறுவதையும் சிவப்பு நூல் படுப்பதையும் விரல் வைத்துக் காட்டினேன். அவர் அதைப் போனில் படம்கூட எடுத்தார். "சூப்பருங்க. எங்க ஆபீஸ்ல இந்த மாதிரி ஒண்ணு தொங்குனா நல்லாருக்கும்" என்றார். பிறகு, "ரூல் என்னன்னா, நாடு முழுக்க மே மாசந்தான் உச்சம்னு எடுத்துக்கிறது. நான் தனியா மாத்த முடியாது" என்றார். டீ குடித்துவிட்டுப் போய்விட்டார்.

நான் விடவில்லை. நான் சொல்லச் சொல்ல மகளை எழுத வைத்து, குறை கேட்கிற நாளில் போய் மனுக் கொடுத்தேன். முத்திரை போட்ட ரசீது என்னிடம் இருக்கிறது.

இப்போது நல்ல நேரம் பற்றிச் சொல்ல வேண்டும். இதைத் தள்ளிவிட்டு எழுதினால் நான் பொய்க்காரன்.

தடைக்காலம் முடிவதற்கு முன்னால் கம்ப்ரஸரை ஓட விடுகிற நாளை இந்தக் கடற்கரையில் குறித்துக் கொடுப்பவன் நான். முதல் கம்பெனி என்னுடையது என்பதால் வந்த வழக்கம். காலண்டரைப் பார்த்து வளர்பிறை முகூர்த்தமாக ஒரு நாள், அதில் ஒரு நேரம். அந்த நேரத்தில் நான் தேங்காய் உடைத்துப் பச்சைப் பொத்தானை அழுத்தினதும் போன் போகும். அடுத்த நிமிஷம் மற்ற நாலு கம்பெனியிலும் அழுத்துவார்கள். கோட்டைப்பட்டினத்துப் பாய் ஒருவர் கம்பெனி வைத்திருக்கிறார். அவர் தன் முறைப்படி ஓதிவிட்டு, அதே நேரத்துக்குத்தான் அழுத்துவார். "அண்ணன் ஆரம்பிச்ச நேரம், தொழில் நல்லாருக்கும்" என்பார். சேர்ந்து ஆரம்பித்தால் ஒருவருக்கொருவர் போட்டி பொறாமை இல்லை என்பது எங்கள் எண்ணம். இதை உண்டாக்கியவனும் நானே. பெருமையாக இருந்தது.

அந்த வருஷமும் சித்திரையிலேயே குறித்துக் கொடுத்துவிட்டேன். வைகாசிக் கடைசி முகூர்த்தம், காலை பத்தே முக்கால். இன்ஜினியர் வந்து போன பிறகுதான் அந்த நாளை மறுபடி பார்த்தேன். நல்ல முகூர்த்தம் என்றால் எங்களுக்கு மட்டுமா நல்லது? கடற்கரை நெடுக அன்றைக்குக் கல்யாணம். மண்டபம் ஒவ்வொன்றிலும் ஏசி, சீரியல் விளக்கு, பாட்டு. அத்தனையும் அதே டிரான்ஸ்ஃபார்மரில்.

மற்ற நாலு கம்பெனிக்காரர்களையும் என் கம்பெனிக்கு வரச்சொன்னேன். படகுக்காரரும் கூடவே வந்து உட்கார்ந்துகொண்டார். ஐஸ் எப்போது கிடைக்கும் என்பது அவர் கவலை.

"ஒரே நாள்ல அஞ்சு பேரும் வேணாம். ஒரு நாளைக்கு ஒருத்தரா ஆரம்பிப்போம்" என்றேன்.

"யாரு மொதல்ல, யாரு கடைசில?" என்றார் ஒருவர்.

"சீட்டுக் குலுக்குவோம்."

"கடைசி ஆளோட தொட்டி குளிர்றதுக்குள்ள படகு கடலுக்குப் போயிரும். அப்பறம் அவரு ஐஸை யாரு தலையில வைக்கிறது?"

பாய் மெதுவாகச் சொன்னார்: "அண்ணே, நேரத்த நீங்கதான் குறிச்சுக் குடுத்தீங்க. இப்ப நீங்களே வேணாங்கறீங்க. ஆளுங்களுக்கு என்னான்னு சொல்றது?"

"டிரான்ஸ்ஃபார்மர் தாங்காதுன்னு சொல்லுங்க."

"ஆபீஸ்காரரே தாங்கும்னு எழுதிட்டுப் போயிருக்காரு" என்றார் படகுக்காரர். "நீங்க ஆணி அடிச்சுத் தாங்காதுங்கறீங்க. யாரு பெரிய இன்ஜினியரு?" 

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் எனக்கு என் மேலேயே ஆத்திரம் வருகிறது.

"சரி, நீங்க நாலு பேரும் ஓட்டுங்க. நான் மூணு நாள் தள்ளி ஆரம்பிக்கிறேன்" என்றேன்.

"பெரியவரு தேங்கா ஒடைக்காம நாங்க எப்புடிப் பொத்தானத் தொடுறது?" என்றார் ஒருவர். பிறகு அவரே, "மாப்பிள்ளைக் குளத்துக்காகப் பயப்படுறீங்க. அவருகிட்டத்தான் ஜெனரேட்டர் இருக்கே" என்றார்.

ஐம்பது வருஷம் இந்தக் கடற்கரையில் முன்னால் நின்றவன், மகள் வீட்டுக் குளத்துக்காகப் பின்வாங்குகிறான் என்று நாளைக்குப் பேசுவார்களே என்று நினைத்தேன். பத்தே முக்கால் பத்தே முக்காலாகவே இருக்கட்டும் என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

அந்த நாள் விடியும்போதே மேகம் மூடிக்கிடந்தது. மழை மேகம் இல்லை. அழுக்குத் துணியைப் போர்த்தின மாதிரி ஒரு மூட்டம். காற்று துளி இல்லை. கடல் எண்ணெய் ஊற்றியது போல் அசையாமல் கிடந்தது. வழக்கமாகக் கம்பி மேல் வரிசையாக உட்கார்ந்திருக்கும் காக்கைகளைக்கூடக் காணவில்லை. வேட்டி உடம்பில் ஒட்டியது. பத்து மணிக்கு மாப்பிள்ளைக்குப் போன் போட்டேன்.

"ஜெனரேட்டர்ல டீசல் இருக்கா மாப்ள?"

"மாமா, ஜெனரேட்டர் இங்க இல்ல. திருக்கோகர்ணத்துல சிநேகிதர் வீட்டுக் கல்யாணம். மண்டபத்துக்குன்னு கேட்டாரு, நேத்து ஏத்தி விட்டுட்டேன். நாளைக்கு வந்துரும்."

நான் குறித்த முகூர்த்தம் அவர் ஜெனரேட்டரையும் கொண்டுபோயிருந்தது.

பத்தே முக்காலுக்கு ஆட்கள் சூடத்தைக் கொளுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்து நின்றார்கள். தேங்காய் சரிபாதியாக உடைந்தது. நல்ல சகுனம் என்றார்கள். நான் பொத்தானை அழுத்தினேன். 

முதலில் விளக்கு ஒரு தடவை மங்கி எழுந்தது. அடுத்தடுத்து நாலு தடவை அதே மாதிரி மங்கியது. நாலு கம்பெனியும் ஆரம்பித்துவிட்டன என்று அதிலேயே தெரிந்தது. பிறகு நிதானித்துவிட்டது. ஒரு மணி நேரம் ஒன்றும் ஆகவில்லை. படகுக்காரர் போனில் கூப்பிட்டு, "பெரியவரே, ஒங்க ஆணிப் பலகையக் கழட்டி அடுப்புல வைங்க" என்று சிரித்தார்.

பன்னிரண்டுக்கு மேல் வோல்ட் காட்டுகிற முள் இறங்க ஆரம்பித்தது. கம்ப்ரஸர் சத்தம் மாறியது. மாடு மூச்சுத் திணறினால் ஒரு சத்தம் போடுமே, அது. கல்யாணத்தில் முதல் பந்தி சாப்பிட்டவர்கள் வீட்டுக்குத் திரும்பி ஏசியைப் போடுகிற நேரம். நான் என் இரண்டு கம்ப்ரஸரையும் நிறுத்தினேன். அந்தக் கடற்கரையில் முதலில் நிறுத்தியவன் நான், எழுதிக்கொள்ளுங்கள். நாலு பேருக்கும் போன் போட்டேன். இரண்டு பேர் நிறுத்தினார்கள். ஒருவர் எடுக்கவே இல்லை. பாய், "அண்ணே, தண்ணி இப்பத்தானே குளுர ஆரம்பிக்குது, ஒரு அரை மணி..." என்றார். அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே மேற்கே ஒரு வெடிச்சத்தம் கேட்டது. என் ஃபேன் நின்றது. வெளியே வந்து பார்த்தேன். துணை மின் நிலையம் இருக்கிற திசையில் கருப்புப் புகை நேராக எழுந்து நின்றது. கலைக்கக் காற்று இல்லை. 

கடற்கரை முழுக்கச் சத்தம் அடங்கிவிட்டது. மண்டபத்துப் பாட்டு, அரவை மில், கொல்லைப்புற மோட்டார் எல்லாம் ஒரே நொடியில் நின்றன. நான் கவனித்துக் கேட்டது தெற்கேதான். இறால் குளத்துச் சக்கரங்களின் சலசலப்பு என் கம்பெனி வாசல் வரைக்கும் எப்போதும் வரும். அது இல்லை.

நான் போய்ச் சேரும்போது மாப்பிள்ளை சட்டையோடு குளத்துக்குள் நின்று இரண்டு கையாலும் தண்ணீரை அடித்துக்கொண்டிருந்தார். குளம் ஒரு ஏக்கர். என் மகள் கரையில் நின்று ஊர் ஊராகப் போன் போட்டு ஜெனரேட்டர் கேட்டாள். முகூர்த்த நாள், ஒன்றும் சும்மா இல்லை. ஒரு மணி நேரம் கழித்து இறால் மேலே வர ஆரம்பித்தது. ஓரத்தில் ஒதுங்கி, மீசையை மட்டும் நீட்டிக்கொண்டு. பிறகு அதுவும் இல்லை. 

"வலையப் போட்டுப் பிடிங்க, ஒரு குளத்தையாச்சும் காப்பாத்துவோம்" என்று கத்தினேன். ஆட்கள் இறங்கினார்கள். பிடித்த இறாலைக் கொட்ட ஐஸ் வேண்டும். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். இந்தக் கடற்கரையில் முதல் ஐஸ் கம்பெனி கட்டியவன் நான். என்னிடம் ஒரு பார் ஐஸ் இல்லை. ஐந்து கம்பெனித் தொட்டியிலும் அப்போது இருந்தது வெறும் உப்புத் தண்ணீர்.

"விடுங்க மாமா" என்றார் மாப்பிள்ளை. அவ்வளவுதான் சொன்னார். அதற்குப் பிறகு இந்த நாள் வரைக்கும் அந்த விஷயமாக என்னிடம் ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. சொல்லியிருந்தால் நான் பதில் சொல்லியிருப்பேன். 

சாயங்காலத்துக்குள் இரண்டு குளத்திலும் செத்த இறால் வெள்ளையாக ஒதுங்கியது. கரண்ட் வர ஆறு நாள் ஆயிற்று. ஆவணியில் அவர் கத்தாருக்குப் போய்விட்டார். போகும்போது விமான நிலையத்தில் என் பேத்தி அவர் பெட்டியின் பிடியை விடவில்லை. என் மகள் ஒவ்வொரு விரலாக எடுத்துவிட்டாள்.

இவ்வளவும் ஆன பிறகு டிரான்ஸ்ஃபார்மர் புதிதாக வந்தது. பழையதைப் போல இரண்டு மடங்கு. திறப்புவிழா வைத்தார்கள், கல் பதித்தார்கள். கல்லில் பதினாலு பேர் இருக்கிறது. அதில் இரண்டு பேர் அந்தப் புகையைக் கண்ணால் பார்த்ததுகூட இல்லை. ஜூன் இரண்டாவது வாரத்தில் தனியாகச் சுமை அளக்க வேண்டும் என்று இப்போது ஒரு வழக்கமும் கொண்டுவந்திருக்கிறார்கள். அது யார் கண்டுபிடிப்பு என்று கேட்டால் ஆபீசில் கண்டுபிடித்தது என்கிறார்கள். என் பலகையைப் படம் எடுத்துப் போன இன்ஜினியர் மாற்றலாகிப் போய்விட்டார்.

என் மகள் இன்னும் மாதா மாதம் படித்துச் சொல்கிறாள். இன்னும் ஏறித்தான் இருக்கிறது. புது டிரான்ஸ்ஃபார்மர் வந்த தைரியத்தில் தெற்கே மேலும் குளம் வெட்டுகிறார்கள், ஊருக்குள் மேலும் ஏசி மாட்டுகிறார்கள், பாய் இரண்டு கம்ப்ரஸர் கூட்டியிருக்கிறார். இரண்டு மடங்கு என்பது எத்தனை வருஷத்துக்கு என்று நான் கேட்டால், "இப்பத்தானங்க வச்சோம்" என்கிறார்கள். போன வாரம் நாலு பேரும் சேர்ந்து வந்து, இந்த வருஷத்துக்கு நல்ல நேரம் குறித்துக் கொடுங்கள் என்று கேட்டார்கள். ஒரே நேரம், அஞ்சு பேருக்கும். வெற்றிலை பாக்குத் தட்டு வேறு.

குறித்துத் தருகிறேன் என்று சொல்லவில்லை. தரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. முதலில் என் பங்கு எனக்கு வர வேண்டும் என்றேன். அவர்கள் புரியாமல் போனார்கள். அதனால் இங்கே எழுதுகிறேன், எல்லோரும் படிக்கட்டும்.

மே மாதத்தில் அளந்தால் தவறாகப் போகும் என்று முதலில் சொன்னவன் நான். கையெழுத்துப் போட்டு மனுக் கொடுத்தவன் நான். கரண்ட் ஆபீஸ் கோப்பில் அது என் பேரில் ஏற வேண்டும். அந்தக் கல்லில் இடம் இல்லையென்றால் பக்கத்தில் இன்னொரு கல் வையுங்கள். சிமெண்ட் நான் தருகிறேன். அன்றைக்குப் பத்தே முக்காலைக் குறித்ததும், தெரிந்தே பொத்தானை அழுத்தியதும் இந்த ஆள்தான் என்று அதற்குக் கீழ் வரியில் எழுதுவதானாலும் எழுதுங்கள். மறுக்க மாட்டேன். அதுவும் என் பங்குதான். இரண்டில் எதையும் வேறு ஒருவருக்குக் கொடுக்க நான் சம்மதிக்க மாட்டேன். என் பேரை அங்கே எழுதின பிறகு அடுத்த முறை நான் வேண்டாம் என்றால் ஐந்து கம்பெனியும் நிற்கும். எழுதாவிட்டால் மறுபடி சிரிப்பார்கள். அதற்குள் எழுதுங்கள்.